வாங்குகிற பிள்ளையின் முகத்தை அச்சில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் உங்கள் பத்திரிகையின் சேலம் பக்கத்தில் ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் சால்வை போட்ட நாலைந்து பெரியவர்கள், ஓரத்தில் யூனிஃபார்மில் ஒரு பையன் அல்லது பெண், ஒரு கட்டு நோட்டை அத்தனை கைகளும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாரும் கேமராவைப் பார்ப்பார்கள். வாங்குகிற பிள்ளைக்கு மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாது. இப்போதெல்லாம் பெரியவர்கள் நின்ற இடத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளையே நிறுத்தி, "மாணவர்களின் மனிதநேயம்" என்று தலைப்புப் போட்டுப் படம் வருகிறது. அதாவது அந்த வயசிலேயே எப்படி நின்று, எப்படிச் சிரித்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பழக்கிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அஸ்தம்பட்டிப் பக்கம் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடங்கள், சங்கங்கள், நண்பர்கள் குழுக்கள் என்று நோட்டு வாங்கிக் கொடுக்கிறவர்கள் பலர் என் கடைக்கு வருவார்கள், அதனால் இந்த விஷயத்தைக் கல்லாப்பெட்டிப் பக்கமிருந்து பார்க்கிறவன் நான். வருகிறவர்கள் முதலில் கேட்பது "இருக்கறதுலயே விலை கம்மியானது எது?" என்பதுதான். எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று நான் கேட்டால் "எல்லாத்துக்கும் பொதுவாத்தான்" என்பார்கள். அரசுப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் நோட்டும் பாடநூலும் அரசே தருகிறது, அந்தப் பிள்ளையிடம் இன்னொரு எண்பது பக்க நோட்டைக் கொடுத்து என்ன ஆகப் போகிறது? பிளஸ் ஒன், பிளஸ் டூ போனபிறகு சயன்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டு, கிராஃப் ஷீட், ஜியாமெட்ரி பாக்ஸ், அப்புறம் காலேஜ் அப்ளிகேஷன் சமயத்தில் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தர ஆள், இதெல்லாம்தான் தேவைப்படும். ஏற்காட்டுப் பக்கமிருந்து இங்கே வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் கடைக்கு வந்து ரெக்கார்டு நோட்டு விலையைக் கேட்டுவிட்டு "அப்புறம் வரேங்க" என்று போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு வந்த ஆர்டர்களில் ரெக்கார்டு நோட்டு கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஃப்ளெக்ஸ் பேனருக்கு டிசைன் கேட்டவர்கள்தான் அதிகம். பேனரில் நோட்டைவிடப் பெரிதாக லோகோ வேண்டும் என்று சண்டை போட்ட குழுகூட உண்டு. கட்சிக்காரர்கள் கொடுக்கிற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டினால் சிரிக்கிற நாம், நம் பிள்ளைகள் விஷயத்தில் அதையே "மோட்டிவேஷன்" என்கிறோம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. பதினான்கு, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது, நம்மைவிட அதிகமாகவே இருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கிற வடிவம்தான் கோணலாக இருக்கிறது. அக்டோபர் 2 முதல் 8 வரை "தான் உத்சவ்", அதாவது கொடுத்தலின் திருவிழா, என்று ஒரு வாரம் நாடு முழுக்கக் கொண்டாடுகிறார்கள், 2009இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பில் என்ன நடக்கிறது? எந்த செக்ஷன் அதிகம் கொண்டுவந்தது என்று போட்டி. பெயரும் தொகையும் கரும்பலகையில். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது, அப்படிச் சேர்ந்த பிள்ளை அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். அது வீட்டில் போய் ஐந்நூறு ரூபாய் கேட்குமா, இல்லை கரும்பலகையில் தன் பெயருக்கு நேரே பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருக்குமா? கொடுப்பதைச் சொல்லித்தருகிற வகுப்பிலேயே ஒரு பிள்ளை கூசிப்போகிறது என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

இதில் இன்னொரு கொடுமை, "ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்கிற பழைய வழக்கம். இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. பள்ளிகளில் சாதி வேற்றுமையை ஒழிப்பது பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக்கூடாது என்று சொன்னார். அந்த அக்கறையை உதவி கொடுக்கிற விஷயத்திலும் காட்டலாமே. நாற்பது பேர் திரும்பிப் பார்க்க எழுந்து நின்ற பிள்ளைக்குக் கிடைத்த பணம் மறந்துபோகும், நின்றது மறக்காது.

வீட்டில் நாம் செய்வதும் குறைச்சல் இல்லை. பிறந்தநாள் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறோம், கேக் வெட்டுகிறோம், சாப்பாடு போடுகிறோம். அதுவரை சரி. அங்கே நின்றுகொண்டு நம் பிள்ளையிடம் "பாத்தியா, இவங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இல்ல, நீ எவ்வளவு கொடுத்து வச்சவன், இனிமேலாவது ஒழுங்காப் படி" என்கிறோம். இதை மெதுவாகச் சொல்வதாக நினைப்பு. பந்தியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குக் காது இல்லையா? தட்டில் சோறும் போட்டுவிட்டு, அவர்களையே நம் பையனுக்குப் பாடப்புத்தகமாக விரித்துக் காட்டுகிறோம். அந்தப் பையன் அங்கே கற்றுக்கொள்வது என்ன, தான் மேலே அவர்கள் கீழே என்பதைத்தானே. வெளியே வந்ததும் "பாவம்பா" என்பான். நாமும் பிள்ளைக்கு இரக்க குணம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம்.

முதியோர் இல்லத்திலும் இதே கதை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஜாங்கிரி, பல் இல்லாதவர்களுக்கு முறுக்கு. தீபாவளியன்று மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள், அடுத்த வாரம் ஃபோன் எடுக்க ஆள் இருக்காது. இல்லம் நடத்துகிறவரிடம் போனில் "என்னங்க தேவை?" என்று ஒரு வார்த்தை கேட்டால் சோப்பு, உள்ளாடை, நாப்கின், கொசுவலை, அளவு சரியான செருப்பு என்று நமக்குத் தோன்றவே தோன்றாத பட்டியல் ஒன்று வரும். அந்தப் போனைப் பெரியவர்கள் பேசக்கூடாது, பிள்ளைகளே பேச வேண்டும் என்பேன். கூச்சப்படுவார்கள், திக்கித் திணறுவார்கள், பரவாயில்லை. பணம் வசூலிப்பதைவிட அந்தப் போன்தான் கஷ்டமான வேலை, அதைச் செய்யட்டும்.

மலைக்கு வருவோம். டிசம்பர் வந்தால் போர்வையைக் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு வருகிற வண்டிகள் எத்தனை! என் மனைவியின் சொந்தக்காரர்கள் அங்கே காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அதனால் அந்தப் பக்கத்துக் கதையும் எனக்குக் காதில் விழும். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்றால் காபிப் பழம் பறிக்கிற காலம். பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது, அன்றன்றைக்குப் பறித்தால்தான் கூலி. அந்த நேரத்தில் கீழே இருந்து பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்புவார்கள். ஊர்ப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வியூ பாயின்டில் போட்டோ எடுத்துவிட்டு வருவதற்குள் மணி ஒன்றாகிவிடும். அப்புறம் வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. கடைசியில் ஆளுக்கு ஒரு போர்வை. அந்தப் போர்வையின் விலை அன்று போன கூலியைவிடக் குறைவு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் போர்வை இல்லாமலா இத்தனை தலைமுறை இருந்திருப்பார்கள்? மழையில் பழம் பறிக்கப் போட்டுக்கொள்ள நல்ல கோட்டு, சாயந்தரம் ஊருக்குப் போக இன்னொரு பஸ், ஆஸ்பத்திரிக்கு இறங்க வண்டி, இப்படித்தான் அவர்கள் பேச்சில் வரும். பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் கொடுக்க முடியாது, சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தர முடியும். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு அந்த அளவுக்குத் தமிழ் வரும், வராவிட்டால் அதையும் கற்றுக்கொள்ளட்டும்.

கூட வருகிற பிள்ளைகள் பேசுகிற விதத்தையும் கவனித்திருக்கிறேன். நம்ம சேலத்துப் பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களுக்கு "ங்க" போடாமல் பேசுவதில்லை. வாங்க, சொல்லுங்க, சாப்டீங்களா என்று வாய் நிறைய வரும். அதே பிள்ளை மலையில் பாட்டி வயசில் இருக்கிற ஒருத்தரிடம் "இந்தா ஆயா, இங்க நில்லு, கேமராவைப் பாரு" என்கிறது. யாரும் திருத்துவதில்லை, டீச்சரும்கூட. அந்த வயசில் ஒரு பிள்ளை ஒரு பெரியவரை நீ, வா, போ என்று அழைக்க எது தைரியம் கொடுத்தது? கையில் இருந்த போர்வைதானே.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பேச்சுப்போட்டியில் தவறாமல் வரும். ஆனால் புறநானூற்றில் 208ஆம் பாட்டில் இருக்கிற இன்னொரு சம்பவத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் தாண்டி அவனைப் பார்க்க வருகிறார். அவன் நேரில் பார்க்காமல், இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசைக் கொடுத்தனுப்பிவிடுகிறான். புலவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, தினை அளவு கொடுத்தாலும் என் தகுதி தெரிந்து கொடுத்தால் போதும் என்று பாடிவிடுகிறார். வறுமையில் இருந்த மனிதர், கொடுத்தவன் அரசன், வள்ளல் என்று பெயர் எடுத்தவன், இருந்தும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தது. அந்தப் பாட்டையும் தொகுத்து நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள், ஒளித்துவைக்கவில்லை.

இன்றைக்கு யாராவது வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும். "வாங்கறதுக்கே வழியில்ல, இதுல திமிரைப் பாரு" என்போம். பழைய துணியைப் பிரித்துப் பார்த்து ஒரு அம்மா வேண்டாம் என்று வைத்துவிட்டால் கொண்டுபோன பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போகும். அங்கேதான் ஒரு ஆசிரியர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பட்டன் இல்லாத சட்டை, ஜிப் போன பேண்ட், நிறம் போன சுடிதார், இதை நீ போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போவாயா என்று வீட்டிலேயே கேட்டு, போகமாட்டேன் என்றால் அந்தத் துணியைத் தரை துடைக்க எடுத்துவைத்துவிட வேண்டும். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் என்ன நடந்தது என்பது அப்போது செய்தி பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன பழந்துணி யாருக்கும் உதவாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. வீடு போனவர்கள், சொந்தம் போனவர்கள், அவர்கள் கண் முன்னால் நம் வீட்டு அலமாரிக் கழிவு. அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய "கூஞ்ச்" அமைப்பு அப்படிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிற வேலையை இங்கேயும் செய்தது. கிராமங்களில் அவர்கள் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. ஊருக்கு என்ன வேலை நடக்க வேண்டும், கிணறா, பாதையா, என்பதை ஊர்க்காரர்களே முடிவுசெய்து, அவர்களே உழைத்துச் செய்கிறார்கள், அதற்குரிய மரியாதையாகத் துணி கொடுக்கப்படுகிறது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. எல்லா இடத்துக்கும் இந்த முறை சரிவராது, படுக்கையில் கிடக்கிறவரிடம் போய் வேலை செய் என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன வேண்டும் என்பதை வாங்குகிறவர் முடிவுசெய்கிறார் பாருங்கள், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம்.

சில பள்ளிகளில் ஏழைகளின் கஷ்டம் புரிய வேண்டும் என்று பிள்ளைகளை ஒரு வேளை பட்டினி இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ராத்திரி வீட்டில் தோசை காத்திருக்கிறது என்று தெரிந்த பசி வேறு, அது இல்லாத பசி வேறு. அதற்குப் பதில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைச் சமயத்தில் நம்மூர்த் தெருக்களில் கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாம். வெள்ளிப் பட்டறைக்காரர், தறி ஓட்டுகிறவர், ஆட்டோ டிரைவர், பேங்க் மேனேஜர், யாராக இருந்தாலும் ஒரே வரிசை, ஒரே அண்டா. வாங்கிக் குடிக்கிறவர் யாரும் குனிவதில்லை, ஊற்றுகிறவர் யாரும் நிமிர்வதும் இல்லை. முதலில் பிள்ளை அந்த வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கட்டும், அப்புறம் உள்ளே போய் வெங்காயம் உரிக்கட்டும், அண்டா கழுவட்டும். வாங்கத் தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கவும் தெரியாது என்பது என் அபிப்பிராயம். சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் நல்ல திட்டங்கள் என்று நான் நினைப்பதற்குக்கூட இதுதான் முக்கியக் காரணம், அங்கே யார் ஏழை என்று ஒரு பிள்ளையும் கை தூக்க வேண்டியதில்லை.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாம் ஏழு நாள் நடக்கிறதே, அதையும் இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். ஏற்காட்டு மலையில் நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் உள்ள ஊர்களில் தங்கினால் கோயில் வாசல் கூட்டுவதோடு நிறுத்தாமல், சாமை எப்படி விதைக்கிறார்கள், மிளகுக் கொடியை மரத்தில் எப்படி ஏற்றுகிறார்கள், எந்தக் கீரையைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லலாம். மலைக்காரர்கள் வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புகிறவர்கள் இல்லை, தங்கள் கொல்லையில் விளைந்த காபிக்கொட்டையை வறுத்து இடித்துக் காபி போட்டுக் கொடுப்பார்கள். ஏழு நாள் அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை அடுத்த தடவை போர்வையோடு வந்து "இந்தா ஆயா" என்று சொல்லாது என்று நினைக்கிறேன்.

சிக்னலிலும் புது பஸ் ஸ்டாண்டிலும் கை நீட்டுகிறவர்களுக்குக் காசு போடலாமா என்று என் கடைக்கு வருகிற பிள்ளைகளே கேட்பார்கள். பெரியவர் என்றால் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், ஆனால் முகத்தைப் பார்த்து இருக்கு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போ, ஈ விரட்டுகிற மாதிரி கையை ஆட்டாதே என்பேன். சின்னக் குழந்தை என்றால் காசு போடாமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடச் சொல்வேன்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என எந்த அடையாளமும் விசாரணை தொடர்பான செய்திகளில் வெளியாகக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இல்லங்களில் இருக்கிற குழந்தைகள் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை வழியாக வந்தவர்கள்தான். அன்னதானச் செய்தி விசாரணைச் செய்தி இல்லையே என்று நீங்கள் வாதாடலாம், அந்தக் குழந்தையின் முகம் ஊருக்குத் தெரிவது இரண்டிலும் ஒன்றுதானே. சட்டம் எட்டாத இடத்திலும் நீங்களாகவே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: உதவி வாங்குகிற எந்தப் பிள்ளையின் முகமும் உங்கள் பத்திரிகையில் வராது. கட்டிக் கொடுத்த கழிப்பறையைப் போடுங்கள், வாங்கிக் கொடுத்த புத்தக அலமாரியைப் போடுங்கள், கொடுத்தவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் அதையும் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. முகம் வராது என்று தெரிந்துவிட்டால் பாதி விழாக்களில் மேடையே இருக்காது, மேடை இல்லாவிட்டால் மலையில் ஒரு நாள் கூலி மிச்சம். படம் வராவிட்டால் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் பேர் நிறுத்துவார்கள்தான். எண்பது பக்க நோட்டு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நோட்டு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் விலை சொல்வதில்லை. எந்த வகுப்புக்கு, அந்தப் பள்ளியில் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். சிலர் அங்கேயே நின்று போன் போடுகிறார்கள். சிலர் இந்தாளுக்கு என்ன வந்தது என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள், போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.